இறையியல் கல்லூரிக்குப் பழைய மாணவர் சங்கம் எதற்கு? கொழும்புக் கிளை பற்றி உங்கள் கருத்து வேண்டும்

கடற்கரைப் போதகர் (வெள்ளவத்தை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்த இறையியல் கல்லூரியில் இருந்து போன கிழமை ஓர் அழைப்பு வந்தது. பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்பில் ஒரு கிளை தொடங்க வேண்டும், முதல் கூட்டத்தை நீங்கள்தான் கூட்டித் தரவேண்டும் என்று கேட்டார்கள். படிப்பித்தவர் கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு முழுக்க ஒரே யோசனை. இதை எதற்காகச் செய்கிறோம்?

கொழும்பில் பழைய மாணவர் சங்கங்களுக்குக் குறைவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கு இங்கே கிளை இருக்கிறது. அவர்கள் கட்டிக் கொடுத்த வகுப்பறைகளையும், புலமைப்பரிசில் பெற்றுப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சங்கங்களில் வைத்தியர், பொறியியலாளர், வியாபாரி எல்லாரும் இருக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் இருக்கப் போவது பெரும்பாலும் போதகர்கள். மாதக் கடைசியில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கவே கணக்குப் பார்க்கிறவர்கள். அவர்களிடம் சந்தா வாங்கி எதைக் கட்டுவது?

இன்னொன்று, ஒவ்வொருவருக்கும் தன் தன் திருச்சபை இருக்கிறது. பேராயர் இருக்கிறார், சினோட் என்ற திருச்சபைப் பேரவை இருக்கிறது, குருமார் கூட்டம் மாதா மாதம் நடக்கிறது. எங்கள் ஆண்டுக்காரருக்கு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. இதற்கெல்லாம் மேலே இன்னோர் அமைப்பு என்றால், அது வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். அது என்ன? போதகர்கள் மட்டுமல்ல, சபையாரும் சொல்லுங்கள்.

—

பழைய பொருளாளர் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

பாஸ்டர், நான் இறையியல் படித்தவன் இல்லை. ஊரில் படித்த பள்ளிக்கூடத்தின் கொழும்புக் கிளைக்கு ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தவன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பணத்தில் தொடங்காதீர்கள். பணத்தில் தொடங்கிய சங்கம் பணத்தோடு நின்றுவிடும்.

காரணம் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. நாங்கள் பத்து வருடம் சேர்த்து நிலையான வைப்பில் போட்டிருந்த புலமைப்பரிசில் நிதி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதன் பெறுமதி அரைவாசியாகிவிட்டது. அடுத்து வைப்பு வட்டி 20 வீதத்துக்கு மேலே போனது, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். 2024இல் அதுவும் 10க்குக் கீழே இறங்கியது. வட்டியை நம்பி நான்கு பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். இரண்டு பேருக்குத்தான் கொடுக்க முடிந்தது. மற்ற இரண்டு தாய்மாருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னவன் நான்தான். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆனபடியால் போதகர்களிடம் காசு இல்லை என்பதை ஒரு குறையாக எடுக்காதீர்கள். வேறு எதில் உங்கள் சங்கம் நிற்கும் என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு சங்கதி. பழைய மாணவர்களுடைய வாய்க்கு என்ன பலம் என்று கேட்டால் வட்டுக்கோட்டையைப் பாருங்கள். அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரி, அதாவது உயர்கல்வி நிலையம் அது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம். 1855இல் அமெரிக்காவில் இருந்து மிஷன் தூதுக்குழு வந்து பார்த்தது. படித்தவர்கள் அரச உத்தியோகத்துக்குப் போகிறார்கள், சுவிசேஷ வேலைக்கு வருகிறவர்கள் குறைவு என்பது அவர்கள் கண்ட குறைகளில் பெரியது. அந்த வருடமே செமினரி மூடப்பட்டது. அங்கே படித்தவர்களும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் அதோடு விட்டுவிடவில்லை. திரும்பவும் ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. பதினேழு வருடம் கேட்டிருக்கிறார்கள்! கட்டடமே இல்லாமல் இருந்த காலத்தில் அந்த நிலையம் அதில் படித்தவர்களின் மனத்தில்தான் இருந்தது.

—

ஒலிவமரம் (தெஹிவளை) எழுதியது:

ஐயா சொன்ன வரலாறு நல்லது. ஆனால் நான் நேரே பார்த்ததையும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஓர் இறையியல் நிலையத்தின் பழைய மாணவர் சங்கம் மூன்றே வருடத்தில் அதிபர் தெரிவில் தலையிடத் தொடங்கியது. அதற்கு அடுத்த வருடம் ஒரு திருச்சபையின் பேராயர் தேர்தலில் யாருக்கு வாக்குப் போடுவது என்று சங்கத்தின் பெயரில் கடிதம் போனது. எழுதியவர்கள் ஐந்து பேர். கையொப்பம் சங்கச் செயலாளருடையது. சங்கத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பேருக்கு அது தெரியாது. அதோடு அந்தச் சங்கம் முடிந்தது. ஒரே அறையில் இருந்து படித்தவர்கள் இன்றும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

சிறு சமூகம் நாங்கள். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அப்படியான இடத்தில் இன்னோர் அமைப்பு, இன்னொரு தலைவர், இன்னொரு செயலாளர் என்று வைத்தால் அது அணியாக மாறும். நட்பு நட்பாகவே இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

—

முல்லைப் போதகர் எழுதியது:

நான் கொழும்பில் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சிறு சபை. கல்லூரியை விட்டு வந்து ஐந்து வருடம்.

வந்த மூன்றாவது மாதம் எங்கள் சபைப் பிள்ளை ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். பத்தொன்பது வயது. நான் நடத்த வேண்டிய முதல் அடக்க ஆராதனை அதுதான். உடலை ஆலயத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று மூப்பர்களில் இரண்டு பேர் நின்றார்கள். கொண்டுவரத்தான் வேண்டும் என்று மற்றவர்கள் நின்றார்கள். தாய் முற்றத்தில் மண்ணில் இருந்தார், எழும்பவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

ஆலயத்துக்குப் பின்னால் போய்த் தொலைபேசி எடுத்தேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான முகாமைக்குரு கூட்டத்தில் இருந்தார், கிடைக்கவில்லை. என் ஆண்டுக்காரர் இரண்டு பேருக்கு எடுத்தேன். அவர்களும் என்னைப் போலப் புதியவர்கள், அழத்தான் செய்தார்கள். நான்காவதாக, கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த ஓர் அண்ணாவுக்கு எடுத்தேன். வேறு திருச்சபை. விடுதிச் சமையலறையில் ஒன்றாகத் தேங்காய் திருவின பழக்கம், அவ்வளவுதான். அவர் எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தாய் எங்கே இருக்கிறார்?" முற்றத்தில் என்றேன். "முதலில் போய் அவருக்குப் பக்கத்தில் இரும். மற்ற எல்லாவற்றையும் அங்கே இருந்து பேசலாம். ஒரு மணித்தியாலத்தில் நான் திரும்ப எடுக்கிறேன்" என்றார்.

போய் இருந்தேன். மண்ணில்தான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுத்த மூப்பர்களில் ஒருவரும் வந்து இருந்தார். உடல் ஆலயத்துக்குள் வந்தது. அண்ணா சொன்னபடி ஒரு மணித்தியாலத்தில் எடுத்தார், இரவு பத்துக்கும் எடுத்தார், அடுத்த மூன்று நாளும் எடுத்தார்.

சங்கம் எதற்கு என்று பாஸ்டர் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

—

ஒலிவமரம் எழுதியது:

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். கர்த்தர் உங்களோடு இருந்தார்.

ஆனால் மன்னிக்க வேண்டும், அது சங்கம் செய்த வேலை இல்லையே. ஒரு நல்ல மனிதர் செய்த வேலை. யாப்பும் நிருவாகக் குழுவும் இல்லாமலே நடந்தது. நட்பு போதும் என்று நான் சொன்னதும் அதைத்தானே?

—

அறை ஏழு (வத்தளை) எழுதியது:

ஒலிவமரம் கேட்பது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். நான் தொண்ணூறுகளில் படித்தவன், இப்போது ஓய்வு.

96இல் நான் கொழும்பில் ஒரு சிறு சபையில் உதவிப் போதகராக இருந்தேன். ஊர் யாழ்ப்பாணம், அடையாள அட்டையிலும் யாழ்ப்பாண விலாசம். அந்தப் போர்க்காலம் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தங்கும் வீட்டைப் பொலிஸில் பதிய வேண்டும், எங்கே போனாலும் பதிவுத் துண்டு சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஒரு சுற்றிவளைப்பில் என்னையும் இன்னும் இருபது பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த நிலையம் என்பது இப்போது வேண்டாம். போதகர் என்று சொன்னேன், நம்பவில்லை. இரவு பதினொரு மணிக்கு வெள்ளை அங்கியோடு ஒருவர் உள்ளே வந்தார். மொறட்டுவைப் பக்கம் சிங்களச் சபை ஒன்றில் இருந்த என் கல்லூரித் தோழர். மழை, அங்கி முழங்கால் மட்டும் சேறு. பொறுப்பதிகாரிக்கு முன்னால் இருந்துகொண்டு, "இவரை விடும்வரைக்கும் நானும் இங்கே இருக்கிறேன்" என்று சொன்னார். விடியற்காலை நாலரைக்கு விட்டார்கள்.

அதை நட்பு என்று சொல்லலாம், சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவரும் நானும் மூன்று வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் என்பதால் அது நடந்தது. எனக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு அதே கல்லூரியில் படித்த ஒரு பிள்ளைக்கு அவருடைய இலக்கம் தெரியாது. தெரிந்தாலும் எடுக்கத் தயங்கும். "நான் யார் என்று சொல்லி எடுப்பது?" என்று யோசிக்கும். நட்பு நம் ஆண்டுக்காரரோடு நின்றுவிடுகிறது, மிஞ்சிப்போனால் முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. முன்பின் தெரியாத பிள்ளைக்கும் அந்த மூத்தவரை எடுக்க உரிமை இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் சங்கம் வேண்டும். முல்லைத் தம்பிக்கு விடுதிச் சமையலறை இருந்தது. தேங்காய் திருவாத பிள்ளை யாருக்கு எடுக்கும்?

இரண்டு மொழி என்பதையும் விடாதீர்கள். 1963இல் பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி தொடங்கியபோது, பல திருச்சபைகள் சேர்ந்து, சிங்களத்திலும் தமிழிலும் சொந்த நாட்டிலேயே போதகர்களைப் படிப்பிப்பது என்று தீர்மானித்தார்கள். அதற்கு முந்தின தலைமுறையில் மெதடிஸ்த இறையியலாளர் டி. ரி. நைல்ஸ் போன்றவர்கள் பெங்களூருக்குப் போய்ப் படித்தார்கள். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரு கூரைக்குக் கீழே மூன்று நான்கு வருடம் வாழ்வது இந்த நாட்டில் எத்தனை இடத்தில் நடக்கிறது? அங்கிருந்து வெளியே வந்த மறுநாளே நாங்கள் தமிழ்ச் சேகரத்துக்கும் அவர்கள் சிங்களச் சேகரத்துக்கும் போய்விடுகிறோம். படிக்கிற காலத்தில் கிடைத்ததை வெளியே வந்து காப்பாற்ற ஓர் இடம் வேண்டாமா? பாஸ்டர், உங்கள் கொழும்புக் கிளைக்கு அழைப்பிதழ் தமிழில் மட்டும் போகக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

—

கடற்கரைப் போதகர் எழுதியது:

அறை ஏழு ஐயா, உண்மையைச் சொல்கிறேன், அழைப்பிதழைத் தமிழில் மட்டும்தான் எழுதி வைத்திருந்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே மாற்றுகிறேன்.

—

தேயிலைக் காற்று (ஹட்டன்) எழுதியது:

நான் ஒரு பெண், இறையியலில் பட்டம் பெற்றவள், குருவானவர் இல்லை. எங்கள் சபையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை, மாலையில் பெண்களோடு வேலை. கல்லூரியில் வருடா வருடம் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அழைப்புப் போகிறது. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கேட்டபோது, குருவாக அபிஷேகம் பெற்றவர்களின் பட்டியலைத் திருச்சபை அலுவலகங்களில் இருந்து வாங்கித்தான் அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் என்னோடு படித்த ஆறு பெண்களில் ஐந்து பேர் அந்தப் பட்டியலில் இல்லை. கல்லூரியின் நினைவில் நாங்கள் இல்லை.

அதனால் முதல் கேள்வி, யார் பழைய மாணவர்? போதகர் மட்டுமா? படித்த எல்லாருமா? ஊழியத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவரை என்ன செய்வது? அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்வேன். ஏன் விட்டீர்கள் என்று விசாரிக்க அல்ல. எங்களுக்கு என்ன படிப்பிக்காமல் விட்டார்கள் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அதில்தான் சங்கத்தின் இரண்டாவது பயனைக் காண்கிறேன். இந்தியாவில் உள்ள செராம்பூர் கல்லூரியின் செனட்டின் கீழே பட்டம் படிக்கிற இடங்களில் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. 1818இல் தொடங்கி 1827இல் டென்மார்க் அரசரின் பட்டயம் பெற்ற கல்லூரி அது, அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஹட்டன் தோட்ட லயத்தில் என்ன நடக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? இங்கே உள்ள விரிவுரையாளர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஒரு கல்லூரி தான் படிப்பித்தது சரியா என்று அறிய, படித்துவிட்டுப் போனவரைத்தானே கேட்க வேண்டும்? அங்கீகாரம் கொடுக்க வருகிற குழுக்கள்கூடப் பழைய மாணவர்களைச் சந்திக்கக் கேட்பது வழக்கம். அந்த நேரத்தில் கிட்ட இருக்கிற நாலு பேரைப் பிடித்து இருத்துகிறார்கள்.

—

முல்லைப் போதகர் எழுதியது:

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் சபையில் பாதிப் பெண்கள் நுண்கடனில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிகிற நேரம் பார்த்துக் கடன் வசூலிக்கிறவர் ஆலயக் கேற்றில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். உள்ளே திருவிருந்து நடக்கிறது. இரண்டு பேர் பின்வாசலால் போய்விட்டார்கள். அதற்கு என்ன செய்வது என்று ஒரு பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெண்களைக் கூப்பிட்டு வைத்து ஒரு கொப்பியில் யார் யாருக்கு எவ்வளவு, எந்த வட்டி என்று எழுதினேன். ஒருவருக்கு ஐந்து இடத்தில் கடன். ஒன்றைக் கட்ட இன்னொன்று. அந்தக் கொப்பியோடு யாரிடம் போவது? எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிரேக்கமும் திருச்சபை வரலாறும் வீண் என்று நான் சொல்லவில்லை. வட்டி வாங்குவதைப் பற்றி ஆதித் திருச்சபைப் பிதாக்கள் என்ன பேசினார்கள் என்று வகுப்பில் எழுதிய குறிப்பு என்னிடம் இருந்தது. பசிலியு ஏழைகளின் கடனைப் பற்றி எவ்வளவு கோபமாகப் பிரசங்கித்தார் என்று அன்று இரவு எடுத்து வாசித்தேன். அடுத்த ஞாயிறு அதைத்தான் பேசினேன். படிப்பித்தது வேலை செய்தது. அதை நுண்கடனோடு சேர்த்துப் பார்க்கத்தான் யாராவது வழி காட்டியிருக்கலாம்.

—

மாலைவகுப்பு (பம்பலப்பிட்டி) எழுதியது:

முல்லைப் போதகர், அந்தக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பெயர்களை மறைத்துவிடுங்கள். நான் வங்கியில் கடன் பிரிவில் இருபது வருடம் வேலை செய்கிறேன். வேலை முடிந்து மாலையில் மூன்று வருடம் இறையியல் டிப்ளோமா படித்தேன். வட்டி எப்படிக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், எதை முதலில் அடைப்பது என்று எனக்குப் பார்க்கத் தெரியும். என்னோடு படித்தவர்களில் ஒரு சட்டத்தரணியும் இருக்கிறார், அவரிடமும் கேட்கிறேன்.

கடற்கரைப் போதகருக்கு: சங்கத்தில் இருக்கப் போவது போதகர்கள்தான் என்று எழுதியிருந்தீர்கள். கொழும்பில் மாலை வகுப்பிலும் வார இறுதி வகுப்பிலும் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? ஆசிரியர், தாதியர், கணக்காளர், வக்கீல். எங்களை ஒருவரும் கேட்டதில்லை.

—

பழைய பொருளாளர் எழுதியது:

இப்போது பிடிபடுகிறது. ஒலிவமரத்தின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், அது வெறும் பயம் இல்லை. நான் பார்த்த சங்கங்கள் உடைந்த இடம் எல்லாம் ஒரே இடம்தான், யார் சங்கத்தின் பெயரில் பேசலாம் என்று எழுதி வைக்காத இடம்.

வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் யாப்பும், தீர்மானம் எழுதிய கூட்டக் குறிப்பும், கையொப்பமிடுகிறவர்களின் பெயரும் கேட்பார்கள். அந்த யாப்பைப் பலர் இன்னொரு சங்கத்திடம் வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் பிழை. உட்கார்ந்து எழுதுங்கள். எந்தத் திருச்சபையின் தேர்தல், நியமனம், இடமாற்றம் பற்றியும் சங்கம் வாய் திறக்காது என்று ஒரு விதி. பதவி இரண்டு வருடம், ஒருவர் இரண்டு முறைக்கு மேல் இல்லை. தலைவரும் செயலாளரும் ஒரே திருச்சபையாக இருக்கக் கூடாது. அதிபர் கூட்டத்துக்கு வரலாம், வாக்கு இல்லை. காசோலைக்கு இரண்டு கையொப்பம், கணக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும், ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும். வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன். நான் உறுப்பினர் ஆக முடியாது, அதனால் எனக்கு அதில் ஒரு பதவியும் வராது. அதுவும் நல்லதுதான்.

—

ஒலிவமரம் எழுதியது:

அந்த முதல் விதி யாப்பில் வந்தால் நானும் வருகிறேன். அதைத் திருத்துவதற்கு முக்கால்வாசிப் பேரின் வாக்கு வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா.

—

பனிக்காலம் (டொரொன்டோ) எழுதியது:

கொழும்பில் பிறந்து வளர்ந்தவன், இங்கே தமிழ்ச் சபை ஒன்றில் போதகர். கல்லூரியில் இருந்து எங்களுக்கு வருகிற கடிதங்கள் எல்லாம் உதவி கேட்டுத்தான். கொடுக்க விருப்பம் இல்லாமல் இல்லை, கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் என்னிடம் வேறு எதையும் ஒருவரும் கேட்டதில்லை என்பது மனத்தில் கிடக்கிறது. இருபத்திரண்டு வருடமாக இங்கே முதியவர்களின் மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அதைப் பற்றி மாணவர்களோடு ஒரு மணித்தியாலம் காணொளியில் பேசச் சொன்னால் ஓடி வருவேன்.

அப்புறம், புத்தகம். தமிழில் நல்ல இறையியல் புத்தகம் குறைவு. சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் போட்ட பழைய புத்தகங்கள் பல இப்போது கிடைப்பதில்லை. எங்களுக்குத் தமிழில் படிப்பித்தவர்கள் பலர் புத்தகமே எழுதாமல் போய்விட்டார்கள், எல்லாம் வகுப்புக் குறிப்புகளாகத்தான் இருந்தன. அந்தக் குறிப்புகள் எங்கள் கொப்பிகளில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து ஒளிவருடி வைத்தால் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி! அதற்கான செலவை இங்கே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வோம். கொப்பிகளைத் தேடிச் சேர்க்கிற வேலையை அங்கே யாராவது எடுக்க வேண்டும்.

—

வேப்பமரத்து வீடு (மட்டக்குளி) எழுதியது:

நான் இதில் எழுதலாமா தெரியாது. மகள்தான் இந்த இழையைக் காட்டினாள், அவளே தட்டச்சு செய்கிறாள்.

என் கணவர் உங்களைப் போல ஓர் இறையியல் கல்லூரியில் படித்தவர். எண்பத்தெட்டில் போய் தொண்ணூற்றிரண்டில் வந்தார். வன்னியிலும் மலையகத்திலும் கடைசியாகக் கொழும்பிலும் வேலை செய்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். திருச்சபையார் எல்லாம் வந்தார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவரோடு படித்தவர்கள் யாரும் வரவில்லை. எனக்கு அவர்களின் இலக்கம் தெரியாது, அவருடைய தொலைபேசியும் பூட்டிக் கிடந்தது. வருத்தமாகப் படுக்கையில் இருந்த நாட்களில் அவர் விடுதிக் கதைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றடி, சிங்களத் தோழர் சமைத்த பொலோஸ் என்ற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பாடியது. அவர்களில் ஒருவரையாவது பார்க்க ஆசைப்பட்டார்.

எட்டு மாதம் கழித்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய மாணவர் மலருக்கு நன்கொடை கேட்டு. நான் கோபப்படவில்லை. அவர் பெயரைக் கடித உறையில் பார்த்ததும் கதவடியிலேயே இருந்துவிட்டேன்.

பாஸ்டர், சங்கம் தொடங்குவது என்றால் தொடங்குங்கள். யார் எங்கே இருக்கிறார், யார் வருத்தத்தில் இருக்கிறார், யார் இல்லை என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். மனைவிமாரின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.

கனடாவில் இருந்து எழுதிய பாஸ்டருக்கு. அவருடைய கொப்பிகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. நீல மட்டை, ஒற்றைக்கோடு. எபிரேயம் இரண்டு, மற்றவை தமிழ். ஒன்றில் கறையான் ஏறிவிட்டது. மீதியை மண்ணெண்ணெய் தடவின பெட்டியில் வைத்திருக்கிறேன்.

—

கடற்கரைப் போதகர் எழுதியது:

அம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அந்தக் கடிதம் எங்கள் எல்லாருடைய கடிதம்தான்.

நண்பர்களே, முதல் கூட்டத்துக்கு நான் எழுதியிருந்த நிகழ்ச்சி நிரலில் இராப்போசனமும் மலர்க் குழுவும் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒரே வேலையோடு கூடுவோம். 1980 தொடக்கம் படித்த ஒவ்வொருவரின் பெயரையும், போதகரோ இல்லையோ, ஆண்டு வாரியாக எழுதி, யாருக்கு யார் தொடர்பு எடுப்பது என்று பிரிப்போம். அதோடு இரவில் எந்த நேரமும் தொலைபேசி எடுக்கச் சம்மதிக்கிற மூத்தவர்கள் பத்துப் பேரின் பெயரைச் சேர்ப்போம், ஐந்து தமிழ், ஐந்து சிங்களம். இந்த வருடம் வெளியே வருகிற மாணவர்களின் கையில் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். சந்தாவைப் பிறகு பார்ப்போம்.

—

அறை ஏழு எழுதியது:

பத்தில் என் பெயரை முதலில் போடுங்கள். மொறட்டுவைத் தோழருக்கும் இப்போதே எடுத்துக் கேட்டேன், அவரும் ஓம் என்றார். அவருக்கு வயது எழுபத்தொன்று, நித்திரை குறைவாம், எந்த நேரமும் எடுக்கலாமாம்.

அம்மா, எண்பத்தெட்டில் போனவர் என்றால் எனக்கு முந்தினவர். வன்னியில் இருந்தவர் என்கிறீர்கள். அவர் இடது கையால் எழுதுகிறவரா? இரவில் விளக்கை அணைத்த பிறகு யேசுவே கிருபாசனப்பதியே பாடத் தொடங்குகிறவரா?

—

வேப்பமரத்து வீடு எழுதியது:

ஓம் ஐயா. இடது கைதான்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்போம். மகள் உங்களுக்குத் தனியாக விலாசம் அனுப்புவாள். வரும்போது முடிந்தால் அந்தச் சிங்களப் பாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பொலோஸ் சமைத்தது அவர்தானா என்று கேட்க வேண்டும்.